எல்ஃப்: வெளியே சொல்லாத துக்கம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எழுதப்போகும் விஷயம் உங்கள் தளத்துக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. பொருந்தாது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ‘யூ-நோ’ என்ற ஜப்பானிய விஷுவல் நாவலை, அதாவது படமும் எழுத்துமாகக் கதை சொல்லும் கணினி கேமை, விளையாடினேன். விளையாடினேன் என்பதைவிட வாசித்தேன் என்று சொல்லலாம். டோக்கியோவின் எல்ஃப் நிறுவனம் 1996இல் வெளியிட்ட கேம் அது. வயது வந்தோருக்கானது. 2011இல் ரசிகர்கள் சிலர் கூடி அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பதிப்பைத்தான் நான் விளையாடினேன். அப்பா விட்டுச்சென்ற கருவி ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவன் ஒரே இரண்டு மூன்று நாட்களைத் திரும்பத் திரும்ப வேறு வேறு வழிகளில் வாழ்ந்து பார்க்கும் கதை. பல இரவுகள் தூங்காமல் கிடந்தேன். அதற்கு முன்பு எந்த நாவலும் என்னை அப்படிப் பிடித்து வைத்ததில்லை.

2016இல் எல்ஃப் மூடப்பட்டது. அன்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நண்பன் ஒருவனிடம் சொன்னேன். “நீலப்படக் கம்பெனி மூடினதுக்கு யாராவது துக்கம் அனுசரிப்பாங்களாடா?” என்று சிரித்தான். “நான் கதைக்காகத்தான் விளையாடினேன்” என்றேன். சொல்லும்போதே எனக்கு அது முழுசாக உண்மையில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை. இதே கிறுக்கு பிடித்த நாலைந்து பேர் மட்டும் எப்போதாவது பேசிக்கொள்வோம். அதில் ஒருவர் எல்ஃபின் கடைசிக்கால கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

உங்களிடம் கேட்க நினைப்பது மூன்று. இந்த வருத்தம் அந்த நிறுவனத்துக்கானதா, அல்லது என் இருபத்து மூன்று வயதுக்கானதா? இதே நிறுவனம் எனக்கு அருவருப்பூட்டும் கேம்களையும் செய்திருக்கிறது. யூ-நோவை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது சரியா? மூன்றாவது, யூ-நோ பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத ஆசை. அதிலுள்ள படுக்கைக் காட்சிகளைத் தொடாமல் எழுதிவிடலாமா?

அன்புடன்,
எஸ்.
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள எஸ்.,

வெளியிடுகிறேன். இந்தத் தளத்தில் இதைவிடச் சங்கடமான கடிதங்கள் வந்திருக்கின்றன, அவற்றில் பாதி அரசியல் பற்றியவை. தலைப்பைப் பார்த்ததுமே சிலர் பக்கத்தை மூடியிருப்பார்கள். மிச்சமிருப்பவர்களோடு பேசுவோம்.

முதலில், தெரியாத வாசகர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. எல்ஃப் தொடங்கப்பட்டது 1988இல். அன்று ஜப்பானிய வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த கணினி பெரும்பாலும் என்இசி நிறுவனத்தின் பிசி-98 வரிசை. அந்த இயந்திரத்தால் வேகமாக ஓடும் படங்களைக் காட்ட முடியாது. ஆனால் கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டும், 640க்கு 400 புள்ளிகளில் 16 நிறங்களைக் கொண்டு அசையாத படம் ஒன்றைத் தெளிவாகக் காட்டும். இப்படிப்பட்ட கணினியில் என்ன வகை விளையாட்டு வளரும்? எழுத்தும் படமும் சேர்ந்த விளையாட்டுதான். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் தனியாக அறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து ரசிகர்களிடம் ஒரு சொலவடை இருந்தது: கிழக்கில் எல்ஃப், மேற்கில் அலிஸ். டோக்கியோவில் எல்ஃப், ஒசாகாவில் அலிஸ்சாஃப்ட். இரண்டு பெரிய வீடுகள்.

எல்ஃப் 1992 டிசம்பரில் வெளியிட்ட ‘தோக்யூசெய்’ இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அதற்கு முன்பு இத்தகைய கேம்கள் பெரும்பாலும் புதிர் விடுவித்தால் படம் பரிசு என்ற கணக்கில் இருந்தன. தோக்யூசெய்யில் கோடை விடுமுறையின் கடைசி நாட்கள், ஒரு ஊர், அதன் தெருக்கள், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். நீங்கள் ஒரு தெருவில் நிற்கும்போது இன்னொரு இடத்தில் யாரோ வந்து போய்விடுவார்கள். யார் எப்போது எங்கே இருப்பார் என்பதைக் கவனித்துத்தான் பழக முடியும். ஊரே தன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருப்பது போன்ற உணர்வு. இரண்டு ஆண்டுகள் கழித்து கொனாமி நிறுவனம் ‘டோகிமெகி மெமோரியல்’ கொண்டுவந்து காதல் விளையாட்டு என்ற வகையை எல்லா வயதினருக்குமான சந்தைக்கு எடுத்துச்சென்றது. தோக்யூசெய் திறந்துவிட்ட வழி அது.

அது வெளியான நேரத்தையும் கவனியுங்கள். 1991இல் கியோட்டோவில் பள்ளி மாணவன் ஒருவன் இத்தகைய கேம் ஒன்றைக் கடையில் திருடிப் பிடிபட்டான். விவகாரம் பெரிதாகி போலீஸ் அந்த கேமைத் தயாரித்தவர்களின் அலுவலகம் வரை போனது. மறு ஆண்டே துறையினர் சேர்ந்து தணிக்கைக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அதைச் சுருக்கமாக ‘சோஃபுரின்’ என்பார்கள். பெட்டியின் மேல் முத்திரை, பதினெட்டு வயது எல்லை எல்லாம் அதற்குப் பிறகு ஒழுங்குக்கு வந்தவை. எல்லாரும் பயந்து கிடந்த ஆண்டில்தான் எல்ஃப் இந்த கேமை வெளியிட்டது. முதலில் நின்றது கதைமாந்தர்களும் ஊரும். மற்றது பின்னால் வந்தது.

சரி, யூ-நோவுக்கு வருகிறேன்.

யூ-நோ எல்ஃபின் வழக்கமான ஆட்கள் எழுதியதல்ல. எழுதியவர் கன்னோ ஹிரோயுகி, அப்போது கென்னோ யுகிஹிரோ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். சீஸ்வேர் என்ற வேறொரு நிறுவனத்தில் ‘டிசையர்’, ‘ஈவ் பர்ஸ்ட் எர்ரர்’ ஆகியவற்றை எழுதிப் பெயர் வாங்கியபின் எல்ஃபுக்கு வந்தார். இங்கே அவர் செய்த பெரிய வேலை யூ-நோ ஒன்றுதான், அது முடிந்ததும் கிளம்பிப் போய் அபெல் என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். ஆக, நீங்கள் எல்ஃபுக்காக வருந்துகிறீர்கள் என்று நினைப்பதில் ஒரு பகுதி, அங்கே வந்து தங்கிப் போன ஒரு விருந்தாளிக்கானது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு முழுப் படையையும் காலத்தையும் கொடுத்து இதைச் செய்ய விட்டது எல்ஃப்தான். வேறு எந்த நிறுவனம் கொடுத்திருக்கும்?

அந்த கேமின் நுட்பம் நீங்கள் சொன்னதைவிடச் சுவையானது. கதை எந்த இடத்தில் பிரிகிறது என்பதைத் திரையிலேயே ஒரு கிளைப்படமாகக் காட்டினார்கள். கையிலிருக்கும் ரத்தின மணியை ஓரிடத்தில் வைத்துவிட்டால் பின்னர் அந்தக் கணத்துக்குத் திரும்பலாம். ஆனால் மணிகள் கொஞ்சமே உண்டு, எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். ஒரு கிளையில் கிடைத்த பொருளை இன்னொரு கிளைக்கு எடுத்துப்போய்ப் பயன்படுத்த வேண்டும். மற்ற கேம்களில் சேமிப்பு என்பது விளையாடுபவனின் வசதிக்காகக் கதைக்கு வெளியே இருக்கும் ஒன்று. கன்னோ அதைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து நாயகனின் கையில் கொடுத்துவிட்டார். இன்று கிளைப்படம் காட்டும் விஷுவல் நாவல்கள் ஏராளம். 1996 டிசம்பரில் அப்படி இல்லை.

1996 டிசம்பர் என்பதே ஒரு விசித்திரம்தான். விண்டோஸ் 95 ஜப்பானுக்கு வந்து ஓராண்டு தாண்டிவிட்டது. பிசி-98க்கு நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. முடியப்போகும் இயந்திரத்தின் கடைசிச் சொட்டு வரை பிழிந்து எடுத்தது போன்ற வேலை அது. பதினாறு நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து இல்லாத நிறங்களை இருப்பதுபோல் காட்டிய ஓவியங்களைப் பாருங்கள். உமெமோட்டோ ரியூவின் இசையைக் கேளுங்கள், ஒரு சின்ன ஒலிச்சில்லிலிருந்து எடுத்தது என்று நம்ப முடியாது. அந்த மனிதர் 2011 ஆகஸ்டில் 37 வயதில் இறந்தார். கன்னோ அதே ஆண்டு டிசம்பரில் 43 வயதில் போனார். நீங்கள் விளையாடிய ஆங்கிலப் பதிப்பும் அந்த ஆண்டில்தான் வந்தது. விண்டோஸ் பதிப்பை எடுத்து, சேகா சாட்டர்ன் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த பதிப்பிலிருந்த குரல்களைக் கோத்து, சம்பளமில்லாமல் உட்கார்ந்து செய்த வேலை. ஜப்பானில் அதைப் படைத்தவர்கள் போய்க்கொண்டிருந்த ஆண்டில் கடலுக்கு இந்தப் பக்கம் அது புதிதாகப் பிறந்தது.

பிற்பகுதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலோர ஊரை விட்டு வேறோர் உலகத்துக்குப் போனதும் கிளைப்படம் மறைந்து கதை ஒற்றைக் கோட்டில் விறுவிறுவென்று ஓடுகிறது, அவசரத்தில் முடித்ததுபோல. குடும்ப உறவுகளின் எல்லையைக் கதை மீறும் இடங்களும் அங்கே வருகின்றன. அவற்றை இலக்கியத் துணிச்சல் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தைக்கு ஒரு அதிர்ச்சி தேவைப்பட்டது, கொடுத்தார்கள்.

இனி உங்கள் நண்பரின் சிரிப்பு. அவர் கேட்டதில் தப்பில்லை. எல்ஃப் ஆபாசம் விற்ற நிறுவனம்தான். “நான் கதைக்காகத்தான் விளையாடினேன்” என்று நீங்கள் சொன்னபோது உங்களுக்கே நெருடியது நல்ல அறிகுறி. அந்தப் பதிலை இந்த கேம்களின் ரசிகர்களில் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. யூ-நோ எழுதப்பட்டதே அந்தக் காட்சிகள் இருந்ததால்தான். சுற்றிவளைத்துச் சொல்லவில்லை, பணக்கணக்காகவே சொல்கிறேன்.

அன்று ஒரு கேமை நின்டெண்டோவின் இயந்திரத்துக்குச் செய்ய வேண்டுமென்றால் அவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும், உள்ளடக்கத்துக்கு அவர்கள் விதி, பெட்டகத் தயாரிப்புக்கு முன்பணம். கணினிக்குச் செய்தால் யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் கணினிச் சந்தை சின்னது. அந்தச் சின்ன சந்தையில் முழு விலை கொடுத்து, விமர்சனம் வருவதற்குக் காத்திராமல், மாதாமாதம் வாங்கும் கூட்டம் எது? இந்தத் துறையில் பிற்பாடு ஒரு பெட்டி 8,800 யென் என்பது ஏறக்குறைய நிலையான விலையாகிவிட்டது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்று, சில ஆயிரம் பெட்டிகள் விற்றாலே அடுத்த கேமைத் தொடங்கிவிடலாம். அந்தக் காட்சிகள் இருந்தால் போதும், மீதி நூறு மணி நேரத்தில் எழுத்தாளன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. இணை உலகங்கள், வரலாற்று ஆய்வு, தந்தையைத் தேடும் மகன், எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

ஜப்பானுக்கு இது புதிதுமல்ல. நிக்காட்சு திரைப்பட நிறுவனம் திவாலாகும் நிலையில் 1971இல் ‘ரோமன் போர்னோ’ என்ற வரிசையைத் தொடங்கி 1988 வரை நடத்தியது. குறைந்த செலவு, குறைந்த நாட்கள், குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு படுக்கைக் காட்சி. மற்றபடி இயக்குநர் இஷ்டம். குமாஷிரோ தட்சுமி போன்றவர்கள் அதற்குள்தான் தங்கள் சிறந்த படங்களை எடுத்தார்கள். அந்த வரிசை நின்ற ஆண்டில்தான் எல்ஃப் தொடங்கியது. தற்செயல்தான், ஆனால் இதைக் கவனித்ததிலிருந்து எனக்கு இரண்டையும் சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது.

இதே ஏற்பாட்டிலிருந்து வந்தவர்களின் பட்டியல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நண்பருக்குத் தெரிந்திருக்காது. இன்று உலகமெங்கும் கைபேசியில் ஓடும் ஃபேட் வரிசை, 2004இல் வயது வந்தோருக்கான கணினி கேமாகத்தான் தொடங்கியது. ஷின்காய் மகோட்டோ, இங்கேயும் திரையரங்கில் கூட்டம் சேர்த்த அனிமே இயக்குநர், மினோரி என்ற இத்தகைய நிறுவனத்தின் கேம்களுக்குத் தொடக்கக் காட்சிகள் செய்துகொடுத்தவர். அடுத்த முறை சிரித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் அதை நியாயத் தீர்ப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஆட்கள் வந்து போனதால் ஒரு தொழில் புனிதமாகிவிடாது.

ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்வி நிற்கிறது. எல்ஃபின் இன்னொரு முகம் இசாகு, ஷூசாகு, கிசாகு என்ற மூன்று சகோதரர்களின் பெயரில் 1995 முதல் 2001 வரை வந்த கேம்கள். அருவருப்பான நடுவயது ஆண்கள், பெண்கள் மீதான வன்முறையே சரக்கு. அவையும் எல்ஃபுக்கு அடையாளமாக இருந்தவைதான். தோக்யூசெய்கூட, எவ்வளவு மென்மையாக இருந்தாலும், பெண்களை ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு போகும் பட்டியல்தான். யூ-நோவின் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துயரமும் ஒரு ரகசியமும் உண்டு, உண்மை. கூடவே அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கிளையின் முடிவில் கிடைக்கும் பரிசும்கூட. இரண்டும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை.

ஆகவே யூ-நோவை மட்டும் எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் எல்ஃப் என்ற நிறுவனத்துக்காக வருந்துவதாகச் சொன்னால் ஷூசாகுவையும் சேர்த்துத்தான் வருந்த வேண்டியிருக்கும். முடியாது என்றால், நீங்கள் வருந்துவது கன்னோவுக்காக என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதில் ஒரு கேவலமும் இல்லை. எனக்கென்னவோ முழுதாக வருந்துவதே நேர்மை என்று படுகிறது. வருந்துவது என்றால் மெச்சுவது என்று யார் சொன்னது? வீட்டில் ஒரு முரட்டுச் சித்தப்பா இறந்தால் அழுதுகொண்டே அவர் செய்ததையெல்லாம் பேசுவோமே, அந்த மாதிரி.

முதல் கேள்வி, இளமை பற்றியது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2016இல் வருந்திய ரசிகர்களில் யாரும் 2015இன் எல்ஃபுக்காக வருந்தவில்லை என்பதுதான் காரணம். எல்ஃபின் கடைசி வெளியீடு ‘மாரோ’ வரிசையின் மூன்றாம் கேம், 2015இல் வந்தது. மட்டமான வேடிக்கையும் மனைவியைப் பறிகொடுக்கும் கதைகளும் கலந்த ஒன்று. அதற்கும் வாசகர்கள் இருந்தார்கள், நேசித்தவர்களும் உண்டு. அதை எழுதியவர் தன் பாணியில் கெட்டிக்காரர். ஆனால் பேச்சை மாற்றும் உங்கள் நண்பரைப் போலப் பலர் அந்தக் கட்டத்தை நினைவிலிருந்தே வெட்டிவிட்டார்கள். அவர்களுக்கு எல்ஃப் 1997ஆம் ஆண்டு வாக்கிலேயே முடிந்துபோயிருந்தது. இணையதளம் 2016 மார்ச் இறுதியில் மூடப்பட்டபோது, பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட ஒரு சடங்கை முடித்துக்கொண்டார்கள்.

இடையில் நடந்த ஒரு விஷயம் ரசிகர்கள் அதிகம் பேச விரும்பாதது. 2004இல் எல்ஃப் ‘கக்யூசெய் 2’ வெளியிட்டது. பல ஆண்டு காத்திருப்பு. அட்டைப்படத்தில் முன்னால் நின்ற பெண்ணுக்கு நாயகனுக்கு முன்பே வேறொரு காதலன் இருப்பது கதையில் தெரியவந்ததும் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். வட்டை உடைத்துப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். ஒரு கற்பனைப் பெண்ணுக்கு ஒரு கடந்தகாலம் இருந்தது, அவ்வளவுதான் குற்றம். எல்ஃப் அங்கே கொஞ்சம் நிஜ வாழ்க்கைக்குப் பக்கத்தில் வர முயன்றது என்று நான் வாசிக்கிறேன். அதை அடித்து விரட்டியவர்கள் வாங்குபவர்களே. ரசிகர்களின் நினைவஞ்சலிகளில் நிறுவனத்தின் தவறுகள் வருகின்றன, திருட்டுப் பிரதிகள் வருகின்றன, கைபேசி வருகிறது. உடைந்த வட்டு வருவதில்லை.

மற்ற காரணங்களும் உண்மைதான். விண்டோஸ் வந்தபின் முழுக் குரல், கூடுதல் ஓவியங்கள், அசைவு என்று செலவு ஏறியது, பெட்டியின் விலையை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. 2002இல் வின்னி என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வந்தது. அப்புறம் இலவசக் கைபேசி கேம்கள். இரண்டாயிரம் யென்னுக்குக் குறைவாகத் தனிநபர்கள் செய்து தரவிறக்கக் கடைகளில் விற்கும் சின்ன கேம்கள். எல்ஃபை அதன் பிறகு நடத்த வேண்டுமென்றால் அது எல்ஃபாக இருந்திருக்காது. இதே துறையைச் சேர்ந்த யோகோஹாமாவின் இல்யூஷன் நிறுவனம் 2023 ஜூலையில் மூடுவதாக அறிவித்து ஆகஸ்டில் கடையைச் சாத்தியபோதும் இதே மாதிரி ஒரு அழுகை எழுந்தது. கொஞ்ச நாளிலேயே இல்கேம்ஸ் என்ற பலகை தொங்கியது. ஜப்பானில் சில சமயம் மூடப்படுவது பெயர்ப்பலகை மட்டும்தான். எல்ஃப் விஷயத்தில் பலகையும் போனது, ஆட்களும் கலைந்தார்கள், உரிமைகள் மட்டும் வேறிடம் போயின. தோக்யூசெய்யை 2021இல் ஃபான்சா என்ற வயது வந்தோருக்கான இணையக் கடை புதிதாக வரைந்து வெளியிட்டது.

எனக்கு இந்த விவகாரத்தில் உண்மையாகவே கவலை தருவது இதற்கு அடுத்த விஷயம்தான். ஒரு திரைப்பட நிறுவனம் மூடினால் ஆவணக்காப்பகம் வரும், பல்கலைக்கழகம் வரும். இந்த நிறுவனங்கள் மூடினால் யாரும் வருவதில்லை. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் வட்டில் வரும் மின்வெளியீடுகளைச் சட்டப்படி சேகரிக்கத் தொடங்கியதே 2000இல்தான். பிசி-98 காலம் முழுக்க அதற்கு முந்தையது. ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. டோக்கியோவில் ‘கேம் பாதுகாப்புச் சங்கம்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2011 முதல் அவற்றைப் படியெடுத்துக் காத்துவருகிறது. மீதி வேலையைச் செய்திருப்பவர்கள் ரசிகர்கள், பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே நின்று. அலிஸ்சாஃப்ட் தன் பழைய கேம்கள் பலவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பகிரலாம் என்று அறிவித்துவிட்டது. மேற்கின் வீடு அந்த நல்ல காரியத்தைச் செய்தது. கிழக்கின் வீடு செய்யாமலே போய்விட்டது.

அதன் விளைவு யூ-நோவிலேயே தெரிகிறது. இன்று முறையாகக் காசு கொடுத்து வாங்கக்கூடியது 2017இல் ஜப்பானிலும் 2019இல் ஆங்கிலத்திலும் வந்த ரீமேக். ஓவியங்கள் புதியவை, அந்தக் காட்சிகள் நீக்கப்பட்டவை. நல்ல வேலைதான், நான் அதைத்தான் விளையாடினேன், பிறகுதான் பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். ரீமேக்கைப் பார்த்துவிட்டு ஒருவர் யூ-நோ ஒரு கண்ணியமான அறிவியல் புனைகதை என்று எழுதினால் அவர்மேல் தப்பில்லை. அவர் கண்ணுக்குப் பட்டது அது. ஆனால் 1996இல் இருந்தது வேறு. அது காமமும் தத்துவமும் ஒரே மூச்சில் பேசியது, சில இடங்களில் அசிங்கமாகவும் சில இடங்களில் யாரும் எதிர்பாராத உயரத்திலும்.

இன்று இந்தத் துறையை மூடவைக்கும் கை வேறு. 2024 ஏப்ரலில் டிஎல்சைட் என்ற ஜப்பானியக் கடையில் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளால் வாங்க முடியாமல் போனது. 2025 ஜூலையில் பணப்பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் ஸ்டீம், இட்ச் என்ற கேம் விற்பனைத் தளங்கள் வயது வந்தோருக்கான கேம்கள் பலவற்றை எடுத்தன அல்லது தேடினால் கிடைக்காதபடி மறைத்தன. அவற்றில் எடுக்க வேண்டியவையும் இருந்திருக்கலாம். ஆனால் எதை எடுப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அரசோ நீதிமன்றமோ வாசகரோ இல்லை, கடன் அட்டைக் கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டுரையை எழுதுங்கள். தமிழில் இந்த வகையைப் பற்றிப் பொறுப்பாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அந்தக் காட்சிகளைத் தொடாமல் எழுதலாமா என்றால், வர்ணிக்கத் தேவையில்லை, வேண்டவும் வேண்டாம். ஆனால் இருந்தன என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எந்தக் காட்சி கதையோடு ஒட்டியது, எது ஒட்டவில்லை, எதைப் படித்தபோது நெளிந்தீர்கள், எதைப் படித்தபோது நெளியாமல் இருந்ததை இன்று நினைத்து நெளிகிறீர்கள், இதையெல்லாம் சொல்ல வேண்டும். மொழிபெயர்த்த ரசிகர்களைப் பற்றி ஒரு பத்தி வேண்டும், உமெமோட்டோவின் இசை பற்றி ஒரு பத்தி வேண்டும். பிற்பகுதியை நான் சொன்னதற்காகத் திட்டாதீர்கள், பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்றே எழுதுங்கள். இரண்டாயிரம் சொற்களுக்கு மேல் போனாலும் பரவாயில்லை. எனக்கு அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன், பெயரோடா பெயரில்லாமலா என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
தங்கள் நண்பன்